முடி முளைத்ததற்கு ஒரு படகு

“வலது கால எடுத்து வைங்க” என்று பின்னாலிருந்து என் மனைவி தனம் சொன்னாள். எனக்கு வலது காலும் வரவில்லை, இடது காலும் வரவில்லை.

மலாக்கா ஆற்றங்கரை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். படகுத்துறைப் பலகைக்குக் கீழே ஒரு சின்னப் பாய்மரப் படகு ஆடிக்கொண்டிருந்தது. நான் ஓட்டிய லோரியின் பின்பெட்டியில் பாதிகூட இருக்காது. அதில் நின்றிருந்த ஷாலினி, அவள்தான் படகுக்காரி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை என் பக்கம் நீட்டினாள்.

“வாங்க அங்கிள். ஒண்ணும் ஆகாது லா.”

மேலே ரோட்டில், பொம்மையும் பிளாஸ்டிக் பூவும் ஒட்டிய பெச்சா ரிக்‌ஷா ஒன்று பாட்டை அலறவிட்டபடி சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போனது. கரையோரக் கடைகளில் ஜனங்கள் ஐஸ் போட்ட எதையோ உறிஞ்சிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். என் கால்சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. தனத்துக்குத் தெரியாது. புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவோமே, அந்த நினைப்பில் எடுத்து வந்தது. படகுக்குச் சக்கரம் கிடையாது என்பது அங்கே வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியே தலை நரைத்தவன். பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் ஓடிய லோரி, மழையில் கரைந்துபோன மண் ரோடு என்று இதுவரை என் வீரதீரத்தையே எழுதி வந்திருக்கிறேன். ரெம்பியாவிலிருந்து ஒரு வாசகி, ‘ஐயா இவ்வளவு லோரி ஓட்டுகிறாரே, அவருக்குச் சோறு போட்ட வீட்டம்மா ஒருவர் இருந்திருப்பாரே, அவர் எங்கே?’ என்று பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தார். அதைத் தனத்திடம் படித்துக் காட்டினேன்.

“அந்தம்மா வாய்க்குச் சீனிதான் போடணும்” என்றாள்.

அதனால் இந்த வாரம் லோரி இல்லை. வீட்டம்மாதான்.

பாலத்தின் மேல் ஒரு நெரிசல்

போன வருஷம் தனத்துக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அறுத்து எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஜாசினிலிருந்து மலாக்கா ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப் போவேன், கூட்டி வருவேன்.

அந்த மருந்து ஆளை உலுக்கி எடுத்துவிடும். முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. சுடுகிற தோசைக்கல்லில் கையை வைத்துவிட்டுத் தெரியாமல் நிற்பாள், நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பேன். ஒரு நாள் கத்தரிக்காயோடு விரலையும் சேர்த்து நறுக்கிவிட்டாள். பலகையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. அத்தனை ஊசிக்கும் அழாதவள் அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள்.

“ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டேன்.

“வலிக்கலியேன்னுதாங்க அழுவுறேன்.”

அந்த நாட்களில் ஒரு மாலை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் டவுனுக்குள் ஒரு சாமான் வாங்கப் போய், ஆற்றுப் பாலத்தின் மேல் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். பள்ளி விடுமுறை வேறு. நாடு முழுக்க அன்றைக்கு மலாக்காவுக்கே வந்துவிட்ட மாதிரி கூட்டம். நான் ஹாரனை அமுக்கி அமுக்கித் திட்டிக்கொண்டிருந்தேன். தனம் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வாந்தி வந்தால் என்று ஒரு பையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள்.

“அது என்னங்க வெள்ளையா?”

எட்டிப் பார்த்தேன். கீழே ஆற்றில் வெள்ளைப் பாய் விரித்த ஒரு படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களைவிட வேகமாகத்தான் போனது.

“பாய்மரப் படகு. டூரிஸ்ட்டுங்களுக்கு.”

“சத்தமே இல்லாம போவுது பாருங்க.” அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “முடி முளைச்சதும் அதுல ஒரு தடவ ஏறணும்.”

“சரி சரி, ஏறலாம்.”

“சும்மா சொல்லல. இது வேண்டுதல். எல்லாரும் வேண்டிகிட்டு முடி இறக்குவாங்க. நான் முடி முளைக்கிறதுக்கு வேண்டிக்கிறேன்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்த மாதம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஆனால் படகு ஏற எனக்கு மனசே இல்லை.

எனக்குத் தெரிந்த படகு

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் படகு ஏறியதில்லை. தோட்டத்துச் சனங்களுக்குப் படகு எதற்கு? ஆறு என்றால் குளிக்க, துணி துவைக்க, தூண்டில் போட. படகு என்றால் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அஸ்தி கரைக்க.

அப்பாவுக்கு நான் போனேன். அம்மாவுக்குப் போனேன். அண்ணனுக்கும் நான்தான் போனேன். கடற்கரையில் மீன் பிடிக்கிற யாரிடமாவது முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். மீன் வாடை போகாத படகு. மடியில் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய மண் கலயம். அதன் கனம் எனக்கு இன்னமும் தொடையில் தெரியும்.

அப்பாவுக்குப் போன அன்று கூட வந்த சித்தப்பா, கரையை விட்டு நகர்ந்த உடனே வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பக்கம் மந்திரம், மறுபக்கம் சித்தப்பா. “ஒங்க அண்ணனுக்கு இதையா படைக்கிறீங்க?” என்று எங்கள் தோட்டத்துக் கோயில் பண்டாரம் அவர்மேல் எரிந்து விழுந்தார். அப்பாவின் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் சிரித்துவிட்டேன். அப்பா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

கலயத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்பக்கமாக விடச் சொல்வார் பண்டாரம். பாலை ஊற்றுவோம், பூவைப் போடுவோம். கலயம் முழுகிவிடும். மல்லிகையும் செவ்வந்தியும் மட்டும் கொஞ்ச நேரம் படகைச் சுற்றியே மிதக்கும். கரைக்கு வந்து இறங்கியதும் அவர் சொல்வது எப்போதும் அதே பேச்சுதான்.

“நேரா நடப்பா. திரும்பிப் பாக்கக்கூடாது. யாரு கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது.”

அண்ணனுக்குப் போன அன்று, இறங்கி நடக்கிறேன், படகுக்காரர் என் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் திரும்பவில்லையே. கடைசியில் பார்த்தால், என் கார்ச் சாவியைப் படகிலேயே விட்டிருக்கிறேன். பண்டாரம்தான் போய் வாங்கி வந்தார். லோரி ஓட்டுகிறவன் நாள் முழுக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பவன். அப்படிப்பட்ட என் கழுத்துக்கே அந்தப் பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பெண்கள் கரைக்க வருவதில்லை. தனம் வீட்டைக் கழுவிவிட்டு, வாசலில் வாளித் தண்ணீரோடு காத்திருப்பாள். நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போவேன். என்ன நடந்தது என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆகவே படகு என்றதும் அவளுக்கு வெள்ளைப் பாய் தெரிந்தது. எனக்கு அந்தக் கலயம் தெரிந்தது. இவளோடு படகு ஏறிப் போய், நான் மட்டும் கரை இறங்கி நடந்து வருகிற மாதிரி ஒரு காட்சி, வேண்டாம் வேண்டாம் என்று விரட்டினாலும் கண் முன்னால் வந்து நின்றது. பயம். வேறென்ன சொல்ல.

மழை வரும், முதலை இருக்கும்

முடி முளைத்தது. முன்பு நேராக இருந்த முடி, இப்போது சுருட்டை சுருட்டையாக வந்தது. கண்ணாடி முன்னால் நின்று, “பாருங்க, ஒங்களுக்குப் புதுப் பொண்டாட்டி” என்பாள். டாக்டரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வாங்க என்றார். தனம் ‘ஒன்றும் இல்லை’யை எடுத்துக்கொண்டாள். நான் ‘இப்போதைக்கு’ என்பதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் வராததுமாக, “எப்ப படகு?” என்றாள்.

மழை வரும் என்றேன். மழைக்காலம் போனது. புகைமூட்டம் என்றேன். அதுவும் போனது. ஆற்றில் முதலை வந்திருக்கிறதாம், கடையில் பேசிக்கொண்டார்கள் என்றேன்.

“ஒங்க மூஞ்சியப் பாத்தா அதுவே முழுகிப் போயிடும்” என்றாள்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கவிதா, அம்மா புலம்பியதைக் கேட்டுவிட்டுப் போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டாள். “புக் பண்ணியாச்சுப்பா. கென்சல் பண்றதுன்னா நீங்களே அம்மாகிட்ட சொல்லிக்குங்க.” தாயும் மகளும் கூட்டுச் சேர்ந்தால் என்னால் என்ன செய்ய முடியும்? கோபம்தான் வந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன்.

“படகு ஏறுறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா? நம்ம ஆளுங்க அதுல ஏறுறதே ஒண்ணுக்குத்தான். கரைச்சிட்டு எறங்கி, யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காம நடந்து வரணும். அப்பா, அம்மா, அண்ணன்னு எல்லாரையும் அப்படித்தான் விட்டுட்டு வந்தேன். பொழச்சி வந்தவள, அதுலயா கொண்டுபோய் ஒக்கார வெக்கச் சொல்றே?”

தனம் பதிலுக்குக் கத்தவில்லை. தள்ளிய தட்டை எடுத்து மறுபடி என் முன்னால் வைத்தாள்.

“அதுக்குத்தாங்க போவணும்” என்றாள். “என்னைக்காவது என்னையும் அதுலதான் கொண்டுபோகப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ, நான் ஒக்காந்துகிட்டே போயி, ஒக்காந்துகிட்டே திரும்பி வரணும். அது போதும் எனக்கு. சாப்பிடுங்க, கொழம்பு ஆறிடும்.”

தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பிரேக் இல்லாத வண்டி

அப்படித்தான் அந்தப் படகுத்துறையில் வந்து நின்றது. கடைசியில் எந்தக் காலை வைத்து ஏறினேன் என்று எனக்கே தெரியாது. தனம் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள், நான் படகுக்குள் இருந்தேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பின்னால் குதித்தாள். தலையில் ஒரு சின்ன மல்லிகைச் சரம். முடி குட்டை என்பதால் பூ நிற்காமல், கிளிப்புக் குத்தி நிறுத்தியிருந்தாள்.

“இன்ஜின் எங்கம்மா?” என்று ஷாலினியிடம் கேட்டேன்.

“சின்னது ஒண்ணு இருக்கு அங்கிள், எமர்ஜென்சிக்கு. மத்தபடி காத்துதான்.”

“பிரேக்கு?”

“பிரேக்கு இல்ல அங்கிள்.”

“முருகா!”

ஷாலினி கயிற்றை இழுக்க, பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே ஏறியது. இரண்டு பாலங்களுக்கு நடுவில்தான் ஓட்டம். பாலம் தாழ்வு, பாய்மரம் உயரம், அதனால் அதற்குள்ளேயே போய்த் திரும்ப வேண்டும். அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தான். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சாப்பாடு பரிமாறப் போனவள், அங்கே படகு ஓட்டக் கற்றுக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டாளாம்.

“எங்கம்மா இன்னும் இதுல ஏறல ஆண்ட்டி. கூப்பிட்டா, ‘நான் செத்ததும் ஏத்துடீ’ங்கிறாங்க” என்றாள் சிரித்துக்கொண்டே.

நான் அவளை முறைத்தேன். தனம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற, சுவரெல்லாம் படம் வரைந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சேற்றில் ஓர் உடும்பு படுத்திருந்தது. “அங்க பாருங்க ஒங்க முதலை” என்றாள் தனம். சூரியன் கூரைகளுக்குப் பின்னால் இறங்கியது. சாதாரண நாளில் கலங்கிக் கிடக்கிற அந்தத் தண்ணீர், அப்போது கடையில் இழுத்து ஊற்றுகிற தே தாரேக் டீயின் நிறத்தில் மின்னியது. மலாக்காவில் எத்தனை தடவை லோரியோடு போயிருக்கிறேன், அந்த ஆற்றை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

“நான் பிடிக்கலாமாம்மா?” என்று தனம் சுக்கான் கட்டையைக் காட்டிக் கேட்டாள்.

ஷாலினி நகர்ந்து இடம் கொடுத்தாள். தனம் கட்டையைப் பிடித்தவள், திடீரென்று குனிந்து தன் கையையே பார்த்தாள்.

“என்ன தனம்? தலை சுத்துதா?”

“இல்லீங்க. அதிருது.” கையை எடுத்துவிட்டு, விரல் நுனியால் மட்டும் மறுபடி தொட்டாள். “தண்ணி ஓடுறது வெரல்ல தெரியுதுங்க. நெசமா தெரியுது!”

தோசைக்கல் சூடு தெரியாத விரல்கள். கத்தி பட்டும் வலிக்காத விரல்கள். டாக்டருக்கா, முருகனுக்கா, இந்தப் பெண்ணுக்கா, அந்த மரக்கட்டைக்கா, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். வரமாட்டேன் என்று இத்தனை நாள் அடம் பிடித்த நான் எவ்வளவு பெரிய மடையன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பள்ளிவாசலில் மாலை பாங்கு சொன்னார்கள். பெச்சாக்காரர்கள் பாட்டை நிறுத்தினார்கள். காற்றும் நின்றது. பாய் தொங்கிப்போய், படகு ஆற்றின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. இன்ஜினைப் போடவா என்று ஷாலினி கேட்டதற்கு, “கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா” என்றாள் தனம். நான் வாழ்க்கையில் நடுவழியில் வண்டி நின்று சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

தனம் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். கிளிப்பு நழுவியது. மல்லிகைச் சரம் ஆற்றில் விழுந்தது.

படகின் ஓரத்தில், பழுப்புத் தண்ணீரில், வெள்ளையாக அது மிதந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பாய்ந்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “அங்கிள்! உக்காருங்க அங்கிள்!” என்று ஷாலினி கத்தினாள். முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, பூவைப் பிடித்துவிட்டேன். அந்தக் களேபரத்தில் பையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்து, நான் கால் ஊன்றிய வேகத்தில் என் செருப்புக்குக் கீழேயே நசுங்கியது. சக்கரம் நான்தான் போல.

தனம் நசுங்கிய பழத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த பூவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“பூவுதானேங்க. போனா போவுது” என்றாள்.

போகட்டும் என்று விட என்னால் முடியவில்லை. கையை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இறங்கியதும் நடந்தது

காற்று திரும்பி வந்து எங்களைக் கரை சேர்த்தது. ஷாலினி கயிற்றைக் கட்டினாள். நான் முதலில் இறங்கினேன். கையில் ஈரப் பூ. சட்டையிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காலுக்குக் கீழே ஈரப் பலகை, மூக்கில் சேற்று வாடை. கால் அதுபாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டது. நேராக. கழுத்து விறைத்துக்கொண்டது.

“அங்கிள், ஆண்ட்டிக்குக் கை குடுங்க!”

நடந்தேன்.

“ஏங்க!”

தனத்தின் குரல்தான். எனக்குத் தெரிகிறது. ‘யாரு கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது’ என்றாரே பண்டாரம். அந்த மனுஷர் போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகிறது. அவர் குரல் மட்டும் என் பிடரியைப் பிடித்து முன்னால் தள்ளியது.

“ஏங்க! எங்க போறீங்க?”

நடந்தேன்.

“யோவ்!”

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“நான் உசுரோடதான்யா இருக்கேன்! திரும்பிப் பாரு!”

கரையோரக் கடைகளில் தமிழ் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் நான் திரும்பினேன்.

படகில் நின்றுகொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை, காற்றில் கலைந்த சுருட்டை முடி. ஒரு கை இடுப்பில், இன்னொரு கை என் பக்கம் நீட்டியபடி. கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு ஓடினேன், இந்த வயதில், எல்லாரும் பார்க்க. குனிந்து கையைக் கொடுத்தேன். அவள் விரல்கள் என் விரல்களைப் பிடித்தன, இறுக்கமாகத்தான் பிடித்தன. மேலே ஏறி நின்ற பிறகும் அவள் கையை விடவில்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க கை ஜில்லுன்னு இருக்குங்க” என்றாள்.